மூலப்பத்திரம் யார் கையில்?

வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்று நல்லாத் தெரியும்: காகிதம்தான் நிலம். ‘பாட்டன் காலத்திலேருந்து நாங்கதான் உழுவுறோம் சார்’ என்று ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், கடன் தர முடியாது. பட்டா, சிட்டா, அடங்கல் வேண்டும். அடமானம் என்றால் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற கால்களை இந்த அமைப்பு சாட்சியாக ஏற்பதில்லை.

அதனால்தான் ஆவணக் காப்பகம், நூலகம், மியூசியம் எல்லாம் ‘படிச்சவன் சமாச்சாரம், நமக்கெதுக்கு’ என்று ஒதுக்குகிற தோழர்களோடு எனக்குச் சண்டை. மறியல் செய்வது போராட்டம், பழைய காகிதத்தைத் தேடுவது ஆராய்ச்சி என்று பிரித்து வைத்தது யார்?

பஞ்சமி நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. ஆனாலும் நிலம் போனது. கடனுக்கு, மிரட்டலுக்கு, வெற்றுத் தாளில் வாங்கிய கைநாட்டுக்குப் போனது. சனங்களின் ஞாபகத்தில் ‘கவருமெண்டு குடுத்த நெலம்’ என்பது மட்டும் தங்கியது. நிபந்தனை எழுதிய காகிதம் அரசுக் கட்டுகளுக்குள் கிடந்தது. நூறு வருசம் கழித்து அதைக் கையிலெடுத்துத்தான் நம் ஆட்கள் நிலம் கேட்டார்கள். காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். பழைய காகிதம் செத்த காகிதம் என்று இனிமேலும் யாராவது சொல்வார்களா?

இதற்காக வெள்ளைக்காரனுக்குக் கும்பிடு போட வேண்டியதில்லை. ஆள்கிறவன் தன் வசதிக்காகத்தான் எழுதி வைக்கிறான். ஆனால் எழுதியது அவனுக்கு எதிராகவே ஒருநாள் பேசும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. ராஜராஜன் பெருமைக்கு வெட்டிய கல், அவன் நாட்டில் சேரி இருந்ததற்கும் சாட்சி.

நம்மைப் பற்றி அவர்கள் எழுதியது அவர்களுடைய அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நாம் எழுதியது? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1914இல் இறந்தார். அவருடைய எழுத்துக்கள் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பெருந்தொகுதிகளாக வெளிவந்தது 1999இல். இடையில் எண்பத்தைந்து ஆண்டுகள்! அவரை விட்டுவிட்டே தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றை எழுதி, பாடமாக்கி, பரீட்சையும் வைத்துவிட்டார்கள். அந்த இதழ்கள் மிஞ்சியதற்கு அன்பு பொன்னோவியம் போன்ற நம்மவர்கள் அவற்றைக் கட்டிக்காத்ததே காரணம். கரையானோடும் மழையோடும் போராடிக் காத்த அந்த வேலையை இயக்கப் பணி என்று எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்?

மியூசியம் பற்றியும் ஒரு வார்த்தை. பறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ‘தோல் இசைக்கருவி’ என்று சீட்டு ஒட்டினால் கலை வந்துவிடும், சாதி காணாமல் போய்விடும். எழவு வீட்டில் அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது யார், ‘அடிக்க மாட்டேன்’ என்றவனுக்கு என்ன நடந்தது என்பதையும் அந்தச் சீட்டில் எழுது என்று கேட்பது நம் உரிமை.

காகிதத்தின் மதிப்பு எதிரிக்கு நன்றாகத் தெரியும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளைக் கொளுத்தியபோது பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்தே எரிந்தன. கூரையை ஒரு மாதத்தில் போட்டுவிடலாம். ஒரு சான்றிதழுக்கு எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும்!

மாணவத் தோழர்களே, செய்ய வேண்டியது பெரிய கட்டிடம் கட்டுவதில்லை. ஊருக்கு ஒரு பெட்டி போதும். துண்டறிக்கை, உண்மை அறியும் குழு அறிக்கை, எஃப்.ஐ.ஆர். நகல், மனு, தீர்ப்பு எல்லாவற்றையும் அதில் சேருங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் ஊரும் எழுதுங்கள். தேதியில்லாத வவுச்சரை எந்த வங்கியும் மதிக்காது. தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. உங்கள் கிராமத்து ‘அ’ பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கிழவிகள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். செல்போனில் மட்டும் வைத்திருந்தால் போன் போகும்போது அதுவும் போய்விடும். எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் எடுத்து வேறு ஊரில் வையுங்கள்.

இந்த இதழையும் படித்து முடித்து வடை மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டிக்குள் முதல் காகிதமாக இது கிடக்கட்டும்.