பரிந்துரைப்பவருக்குப் பொறுப்பு இல்லையா?

2017ஆம் ஆண்டின் இறுதியில் 'எல்சாகேட்' என்ற பெயரில் உலகின் கவனத்துக்கு வந்த காணொளிகள் பலவற்றில் பேச்சே இல்லை. எல்சா, ஸ்பைடர்மேன், பெப்பா பிக் எனக் குழந்தைகள் நன்கறிந்த உருவங்கள்; பின்னணியில் மழலை இசை; உள்ளே ஊசி குத்தல், சித்திரவதை, பாலியல் சாயல் கொண்ட காட்சிகள். எம்மொழிக் குழந்தையையும் அவை எட்ட இயன்றது அதனாலேயே. விமர்சனம் வலுத்த பின், குடும்பத்துக்கு உகந்தவைபோல் வேடமிட்ட 50,000க்கும் மேற்பட்ட சேனல்களிலிருந்து விளம்பரங்களை நீக்கியதாக யூடியூப் அறிவித்தது. அதுவரை அச்சேனல்கள் விளம்பரம் ஏற்கத் தக்கவையாகவே இருந்தன.

எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை இத்தகைய காணொளியைத் தேடிச் செல்வதில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. உல்லாஸ்நகரிலும் தாராவியிலும் பல வீடுகளில் ஒரே கைபேசியே அனைவருக்கும் பொது. கணக்கு தந்தையின் பெயரில் இருக்கும். பார்ப்பது மூன்று வயதுக் குழந்தை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. ஆனால் தளத்தின் பதிவேட்டில் அக்குழந்தை பெரியவர். எனவே அச்சட்டத்தின் காப்பு அதனிடம் வந்து சேர்வதில்லை.

தமிழகத்தில் இச்சிக்கல் நீதிமன்றத்தை எட்டியது 2019இல். ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குழந்தைகளுக்கு நேரும் தீங்கைச் சுட்டி, டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஏப்ரல் 24 அன்று அத்தடை விலக்கப்பட்டது. மறு ஆண்டு நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு அச்செயலியைத் தடை செய்தபோது, அதன் பார்வையாளர்கள் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் பெயர்ந்தனர். செயலி மறைந்தது; பரிந்துரைக்கும் முறை அப்படியே நீடித்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் பதிவேற்றும் உள்ளடக்கத்துக்கான பொறுப்பிலிருந்து இடைநிலை நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அதற்கு அது முன்வைக்கும் நிபந்தனைகளுள் மூன்று கூர்ந்து நோக்கத்தக்கவை: நிறுவனம் பரிமாற்றத்தைத் தானே தொடங்கக் கூடாது, பெறுநரைத் தெரிவு செய்யக் கூடாது, தகவலைத் தெரிவு செய்யவோ மாற்றவோ கூடாது. தானாக ஓடும் அடுத்த காணொளியைத் தொடங்குவது யார்? இன்னாருக்கு இது எனத் தீர்மானிப்பது யார்? கோடிக்கணக்கானவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது யார்? மூன்றுக்கும் விடை தளமே. சேமித்து வைத்தல் வேறு. எடுத்து நீட்டுதல் வேறு. 2023இல் தில்லி உயர் நீதிமன்றம், விளம்பரச் சேவையில் முனைப்புடன் பங்கேற்கும் கூகுள் வெறும் இடைநிலையாளர் என்ற நிலையில் அடைக்கலம் கோர முடியாது என்று கூறியது. பரிந்துரையையும் அதே அளவுகோலால் அளப்பதே முறை.

இது கருத்துரிமையைக் குலைக்கும் என்ற அச்சம் எழலாம். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தாலன்றித் தளங்கள் உள்ளடக்கத்தை நீக்கக் கடமைப்பட்டவை அல்ல என்று வகுத்தது பேசுவோரைக் காத்தது. அக்காப்பு நிலைக்க வேண்டும். பரிந்துரைக்குப் பொறுப்பு சுமத்துவதால் எவருடைய காணொளியும் நீக்கப்படப் போவதில்லை. அழைக்காத குழந்தையின் முன் அதை நிறுத்தும் சலுகை மட்டுமே தளத்துக்கு இல்லாமற்போகும்.

இயலாது என்று தளங்கள் சொல்வதற்கும் இடமில்லை. யூடியூப் கிட்ஸ் செயலியில் தானியங்கி ஓட்டத்தை இயல்பாகவே நிறுத்தி வைக்கும் முடிவை யூடியூப் 2021இல் அறிவித்தது. மேலும், 2020 முதல் 'குழந்தைகளுக்கானது' என்று ஒவ்வொரு காணொளியையும் அடையாளமிடும் முறை உலகெங்கும் நடப்பில் உள்ளது. அவ்வடையாளம் பெற்ற காணொளி எவர் கணக்கில் ஓடினாலும், அதன்பின் அடுத்தது தானாக ஓடலாகாது. மனிதர் பார்த்து ஒப்பியவை மட்டுமே அருகில் பரிந்துரைக்கப்பட வேண்டும். 2021ஆம் ஆண்டின் விதிகள் பெருந்தளங்களிடம் கோரும் மாதாந்திர அறிக்கையில், தமிழ், மராத்தி முதலிய மொழிகளில் பணிபுரியும் மதிப்பீட்டாளர்களின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். குழந்தையைக் கண்காணிக்கும் முழுப் பொறுப்பையும், பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்பும் தாயின் தலையில் ஏற்றுவது நியாயமன்று.