தாமிரத்தைத் தின்னும் தண்ணி!

பேரிலேயே தாமிரத்தை வச்சிருக்கிற ஆத்துத் தண்ணி குடிக்கிற ஊரு நம்ம பாளையங்கோட்டை. அதே தாமிரபரணி, புன்னைக்காயல்ல போய் கடல்ல கலக்குது. ஆனா அந்தக் கடலுக்குத் தாமிரம்னா தீனி! நம்பலையா? தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. (2017-க்கு முன்னாடி 45 நாள்தான்.) நமக்கு லீவு டைம், படகுகளுக்கு சர்வீஸ் டைம். மெக்கானிக்கல் மக்களே, பரீட்சையில 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' படம் போட்டு மார்க் வாங்குனீங்களே, அது படகுக்குள்ள நிஜமாவே உட்கார்ந்திருக்கு. பேரு, கியர் ஆயில் கூலர்.

விஷயம் சிம்பிள். இன்ஜின் சுத்துறதை கியர் பாக்ஸ் வாங்கி புரொப்பல்லருக்குக் கொடுக்குது. அப்போ கியர் ஆயில் சூடாகும். கூலருக்குள்ள மெல்லிசான குழாய்கள். குழாய்க்குள்ள கடல் தண்ணி, வெளியே சூடான ஆயில். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிற தண்ணியில ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு நின்னா, அது ஒரு பேட்டரி! வலு குறைஞ்ச உலோகம் கரைய ஆரம்பிக்கும். பித்தளைன்னா அதுல உள்ள துத்தநாகம் கரைஞ்சு, மஞ்சள் நிறம் செம்பு நிறமாகி, ஸ்பாஞ்சு மாதிரி பொத பொதன்னு ஆயிடும். ஒருநாள் ஊசி முனை அளவுக்கு ஓட்டை.

அப்புறம்தான் வில்லங்கம். வண்டி ஓடுறப்ப ஆயில் பிரஷர் ஜாஸ்தி, அதனால ஆயில் கடலுக்குப் போகும். இன்ஜினை நிறுத்தினா தண்ணி கியருக்குள்ள வரும். டிப்ஸ்டிக்கை இழுத்தா ஆயில் பால் டீ கலர்ல இருக்கும். அப்படியே ஓட்டினா கிளட்ச் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். நடுக்கடல்ல இன்ஜின் உறுமும், படகு நகராது. ஒரு கூலரைக் காப்பாத்தப் போய் கியர் பாக்ஸே காலி!

சந்தேகமா? கூலரைக் கழட்டி, ஆயில் பக்கத்தை ஒரு முனையில அடைச்சு, மறு முனையில லேசா காத்து கொடுத்துத் தண்ணியில முக்குங்க. சைக்கிள் கடை டியூப் டெஸ்ட்தான். முட்டை வந்தா மாத்திடுங்க. படகு தண்ணியில நின்னா, கழட்டுறதுக்கு முன்னாடி கடல் தண்ணி வால்வை மூடணும். மறந்தா கடலே உள்ள வந்துரும்! புதுசு வாங்குறப்ப நீளம் மட்டும் பார்த்தா பத்தாது. வாய் அளவும், கியருக்கு ஏத்த கொள்ளளவும் பொருந்தணும். குழாய் குப்ரோ நிக்கல்னா உப்புக்கு நல்லா தாங்கும். ஹோஸையும் கிளாம்பையும் சேர்த்தே மாத்துங்க. கெட்டுப்போன ஆயிலை வடிச்சு, புதுசு ஊத்தி, கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடிச்சுட்டு மறுபடி ஊத்தணும். ஒரு தடவையில தண்ணி முழுசா போகாது.

திரும்ப வராம இருக்க? கூலருக்குப் பக்கத்துல பென்சில் துண்டு மாதிரி ஒரு துத்தநாகம் திருகியிருப்பாங்க. செம்புக்குப் பதிலா அது கரையும். 1824-ல ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கப்பல்களோட செம்புத் தகட்டைக் காப்பாத்தச் சொன்ன அதே டெக்னிக்! இந்தத் துருச் சண்டையையே ஆராய்ச்சியா செய்றவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க: காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953-ல திறந்தது.

துத்தநாகம் பாதி கரைஞ்சதும் மாத்திடணும், பெயின்ட் மட்டும் அடிச்சிடாதீங்க. அப்பா, சித்தப்பா படகு கரையில நிக்குதா? இந்த லீவுல டிப்ஸ்டிக்கை ஒரு தடவை இழுத்துப் பாருங்க மக்கா!