முதுகுவலிதானே என்று இருந்துவிடாதீர்கள்!



காசநோய்க்கு நம் முன்னோர் வைத்த பெயர் எலும்புருக்கி நோய். ஆளை உருக்கி எலும்பும் தோலுமாக ஆக்கிவிடுவதால் வந்த பெயர் அது. ஆனால் இந்நோய் உண்மையிலேயே எலும்பை அரிக்கும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இருமலும் சளியும் இருந்தால்தான் டி.பி. என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். இந்த அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை, நடமாடிக் கொண்டிருந்த ஒருவரின் கால்கள்!

நோய் எப்படி வருகிறது?

மூச்சுக்காற்றின் வழியே நுரையீரலுக்குள் நுழையும் கிருமி, இரத்தத்தில் கலந்து எலும்பைச் சென்றடைகிறது. ஆண்டுக்கணக்கில் அங்கே உறங்கிக் கிடந்து, உடல் பலவீனப்படும்போது விழித்துக் கொள்ளும். எலும்பில் காசநோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதுகெலும்பில்தான் வருகிறது. அடுத்து இடுப்பு, முழங்கால் மூட்டுகள். அரிக்கப்பட்ட முள்ளெலும்பு நொறுங்கினால் கூன் விழும். சீழ் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கும். 1779ஆம் ஆண்டிலேயே பெர்சிவால் பாட் என்ற ஆங்கில மருத்துவர் இதை விவரித்து எழுதிவிட்டார்.

நாம் என்ன செய்கிறோம்?

முதுகு வலித்தால் தைலம் தேய்க்கிறோம். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். பிறகு எண்ணெய்க் கட்டு, நீவுதல்! மாதங்கள் ஓடிவிடுகின்றன. வாரக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலியுடன் மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைதல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சலே இல்லாமல் வலி மட்டும் இருப்பதும் உண்டு. கால் மரத்துப் போனாலோ, நடை தள்ளாடினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரே எதையும் காட்டாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், சீழையோ திசுவையோ எடுத்துச் செய்யும் சோதனையும் உண்மையைச் சொல்லிவிடும்.

மருந்து இருக்கிறது!

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டும் நுரையீரல் காசநோயை வெல்லலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. பின்னர் முதுகெலும்புக் காசநோயிலும், பெரும்பாலோர் நடமாடிக் கொண்டே மருந்தால் குணமடையலாம் என்று அதே மையத்தின் ஆய்வு காட்டியது. கால் பலம் குறைந்து மருந்தில் தேறாதவர்களுக்கும், எலும்பு மிகவும் சிதைந்தவர்களுக்கும்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள், பிறகு மூன்று மருந்துகள். மொத்தம் 12 மாதங்கள். சிலருக்கு 18 மாதங்கள் வரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, பார்வை மங்கினாலோ மருத்துவரிடம் ஓடுங்கள். வலி நின்றுவிட்டதே என்று நான்காம் மாதத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து! நோய் மீண்டும் தலைதூக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம்.

வெட்கம் எதற்கு?

நம் வீட்டுப் பெண்ணுக்கு டி.பி. என்று தெரிந்தால் சம்பந்தம் கிடைக்காது என்று மூடி மறைக்கிறார்கள். நுரையீரலில் நோய் இல்லாதவரை எலும்புக் காசநோய் அருகில் இருப்பவருக்குத் தொற்றாது. தட்டையும் பாயையும் தனியே ஒதுக்குவது எந்த வகையில் நியாயம்? குணமாகக் கூடிய நோயை மறைத்து, அந்தப் பெண்ணை நிரந்தரமாகப் படுக்கையில் கிடத்துவது கௌரவமா?

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தரும் திட்டம் 2018இல் தொடங்கி, 2024 நவம்பரில் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது சலுகையல்ல, நம் உரிமை. கேட்டுப் பெறுங்கள். "மாத்திரை தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்" என்று ஒரு நோயாளியைக்கூடத் திருப்பி அனுப்பாமல் பார்த்துக் கொள்வது ஆட்சியாளர்களின் கடமை.

உங்கள் தெருவில் முதுகைப் பிடித்துக் கொண்டு நடப்பவர் யாரேனும் இருக்கிறாரா? இன்றே அவரிடம் பேசுங்கள். நாளை என்பது அவருக்குத் தாமதமாகிவிடலாம்!