நாய்க்குப் பட்டம் எதற்கு?

பெயருக்குப் பின்னே இரண்டு மூன்று எழுத்துக்களைச் சேர்த்துக்கொள்ளும் பொருட்டே நம்மிற் பலர் இக்கல்லூரிக்கு வந்தோம் என்று சொன்னால், அதனை முற்றும் மறுப்பவர் அரியர். மேனாட்டு நாய்கள் சிலவும் அவ்வாறே எழுத்துக்களைச் சேர்த்துக்கொள்கின்றன என்று யான் ஒருநாள் விடுதி மாணவரிடையே சொன்னபோது பெருஞ்சிரிப்பு எழுந்தது. ஆயினும் அது விளையாட்டுப் பேச்சன்று. அமெரிக்க நாட்டில் ஒரு நாய் குறித்த தேர்வுகளில் தேறினால், 'தோழமை நாய்' என்று பொருள்படும் ஸி.டி. என்னும் பட்டத்தைப் பெறும்; இன்னுங் கடினமான தேர்வுகளில் தேறினால் ஸி.டி.எக்ஸ்., யு.டி. என்னும் பட்டங்களைப் பெறும். அவ்வெழுத்துக்கள் அதன் பெயரோடு பதிவேட்டிலும் ஏறும். நாய்க்கு எழுத்தறிவு இல்லாமையால் அஃது இதனாற் செருக்குறுவதில்லை. செருக்கு முழுதும் உடையவர்க்கே.

நாயைப் பழக்குவோர் இருதிறத்தார். வந்தவர்மேற் பாயாமலும், அழைத்தவுடன் திரும்பி வரவும், கயிற்றை இழுக்காமல் உடன் நடக்கவும் கற்பித்தாற் போதும் என்பார் ஒருசாரார். பந்தயக் களத்திற் பரிசும் பட்டமும் பெறுமாறு பழக்குவதே பழக்கம் என்பார் மற்றொரு சாரார். முன்னவர் பின்னவரை வீண்பெருமைக்காரர் என்பர். பின்னவர் முன்னவரைச் சோம்பர் என்பர். இவ்வழக்கில் யான் முன்னவர் பக்கம் நிற்பவன் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால், பின்னவரிடம் யான் காணுங் குறை பெருமை அன்று, வேறொன்று. அதனைச் சொல்லுமுன் பட்டம் பிறந்த வரலாற்றைச் சிறிது சொல்லல் வேண்டும்.

நியூயார்க் மாகாணத்தில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார் பூடில் என்னும் சாதி நாய்களை வளர்த்து வந்தார். மயிரைக் குஞ்சங் குஞ்சமாகக் கத்தரித்து அலங்கரிக்கப்படும் அந்நாய்களைக் கண்டோர், இவை பொம்மைகளேயன்றி நாய்கள் அல்ல என்று எள்ளினர். அம்மையார் வாதம் புரியவில்லை. இங்கிலாந்தில் அந்நாளில் நடந்துவந்த சோதனைகளைப் போன்றதொரு கீழ்ப்படிதற் சோதனையை 1933-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில் நடத்தினார். வந்து கலந்துகொண்ட நாய்கள் எட்டே. மூன்றாண்டுகளில், அதாவது 1936-இல், அமெரிக்க நாய்வளர்ப்போர் சங்கம் அச்சோதனைகளை ஏற்று விதிகளும் வகுத்துவிட்டது. அடுத்த ஆண்டில் அம்மையாரும், அவரிடம் நாய்களைப் பேண வந்த பிளாஞ்ச் ஸாண்டர்ஸ் என்னும் மாதும், மோட்டார் வண்டியின் பின்னே வீடுபோன்ற ஒரு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு, பூடில்களோடு 10,000 மைல் தூரம் நாட்டைச் சுற்றி, ஊரூராக இக்கலையைக் காட்டி வந்தனர். இரண்டு பெண்மக்கள் துணையின்றிச் செய்த அப்பிரயாணத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், அது நிற்க. தன் நாயை அறிவிலி என்று பிறர் பழித்ததைப் பொறாத ஒருவரது அன்பிலிருந்தே இப்பட்டம் பிறந்தது என்பதே இங்கு வேண்டுவது. ஆதலால் அதன் பிறப்பில் யான் குற்றங் காணேன்.

அத்தேர்வு கேட்பதுதான் என்ன? முதற் பட்டத்திற்கு, நாய் கயிற்றோடும் கயிறின்றியும் உடையவரின் பக்கத்தே நடத்தல் வேண்டும். நடுவர் தொட்டுப் பார்க்கும்போது அசையாது நிற்றல் வேண்டும். தூரத்திலிருந்து அழைத்தால் வருதல் வேண்டும். சொன்ன இடத்தில் இருத்தல் வேண்டும். மொத்தம் 200 மதிப்பெண், 170-க்குக் குறையலாகாது, ஒவ்வொரு பகுதியிலும் பாதிக்குமேற் பெறுதல் வேண்டும், இங்ஙனம் மூன்று முறை தேறினாற் பட்டம். இவற்றுள் வீட்டிற்கு வேண்டாதது ஒன்றேனும் உண்டோ? இல்லை. மரியாதையையே எண்ணி மதிப்பிட்டார்கள்.

ஆனால், எண்ணத் தொடங்கிய பின்னர் ஒன்று நேர்ந்தது. எல்லா நாய்களும் அழைத்தவுடன் வருமாயின், முதற்பரிசை எதற்கு அளிப்பது? வந்த நாய் எவ்வாறு உட்கார்ந்தது என்று நோக்கினர். சற்றே கோணி உட்கார்ந்தால் அரை மதிப்பெண் போயிற்று. கோணி உட்கார்ந்த நாயும் வந்த நாயே அன்றோ? இன்றைய பந்தயக் களங்களிற் பல நாய்கள் கழுத்தை மேலே திருப்பி, உடையவர் முகத்தையே இமையாது நோக்கியவாறு நடக்கும். காண அழகிய காட்சிதான். எனினும் ஒரு மைல் தூரம் சாலையில் அவ்வாறு எந்த நாயும் நடவாது; நடத்தலும் ஆகாது. பள்ளமும் வண்டியும் பாம்பும் பாதையில் இருக்கின்றனவேயன்றி உடையவர் முகத்தில் இல்லை. தேர்வுக்கென்றே வினாவிடைப் புத்தகத்தை உருப்போடும் நண்பர் சிலர்க்கு இந்நிலை விளங்கும்.

யான் காணுங் குறை இதுதான்: அக்களத்தில் இருப்பவர் இருவரே, உடையவர் ஒருவர், நடுவர் ஒருவர். நாயின் நடத்தையால் நன்மையோ தீமையோ அடையும் மூன்றாமவர் அங்கு இல்லை.

மூன்றாமவர் இருக்கும் பந்தயமும் உண்டு. வேல்ஸ் நாட்டில் பாலா என்னும் ஊரில் 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் லாயிட் பிரைஸ் என்னும் நிலக்கிழார் ஆட்டுநாய்ப் பந்தயம் ஒன்றை நடத்தினார். ஓடிய நாய்கள் பத்து. வேல்ஸ் நாட்டாருடைய நாய்களையெல்லாம் வென்று பரிசைக் கொண்டுபோனது, அங்குக் குடியேறியிருந்த தாம்ஸன் என்னும் ஸ்காத்லாந்தியரின் 'ட்வீட்' என்னும் நாய். (உள்ளூரார் முகம் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.) அதே 1873-இல்தான் லண்டனில் கென்னல் கிளப் என்னும் சங்கமும் தோன்றியது. ஒரே ஆண்டில், நாயின் சாதியையும் சாயலையும் பதியும் சங்கம் ஒருபுறமும், நாயின் தொழிலைச் சோதிக்கும் பந்தயம் மறுபுறமும் எழுந்தமை கருதத்தக்கது.

அப்பந்தயம் நடக்கும் முறையைக் கேளுங்கள். மேய்ப்பன் ஒரு கம்பத்தருகே நிற்பான். நெடுந்தூரத்தில், மேட்டின்மேல், அந்நாய் முன் கண்டிராத சில ஆடுகள் விடப்பட்டிருக்கும். அவன் ஏவியதும் நாய் நேரே ஓடாது. நேரே ஓடினால் ஆடுகள் மிரண்டு சிதறும். அகன்று வளைந்து ஓடி, ஆடுகளின் பின்புறஞ் சென்று, மெல்ல நெருங்கும். குரைப்பதில்லை. தலையைத் தாழ்த்தி, பார்வையாலேயே அவற்றைக் கிளப்பும். பின்னர் மேய்ப்பனிடங் கொண்டுவந்து, அங்கிருந்து அடைப்புகளின் வழியே ஓட்டிச் சென்று, மந்தையிலிருந்து சிலவற்றைப் பிரித்து, இறுதியிற் பட்டியில் அடைக்கவேண்டும். மேய்ப்பன் செய்யக்கூடியது பெரும்பாலும் சீழ்க்கை யடிப்பதொன்றே. அரை பர்லாங்குக்கு அப்பால் ஓர் ஆடு திடீரெனத் திரும்பினால், சீழ்க்கைக்குக் காத்திருக்க நேரமில்லை. நாய் தானே முடிவு செய்தல் வேண்டும்.

இங்கு நடுவர் உண்டு, மதிப்பெண் உண்டு, பரிசும் புகழும் உண்டு. ஆனால் ஆடுகள் நடுவரை அறியா. எந்த நாய் பெயர்பெற்றது என்பதையும் அவை அறியா. மிரட்டினால் ஓடும், மெல்ல நடத்தினால் நடக்கும். ஆகவே எவ்வளவு போட்டி மிகுந்தாலும் அக்கலை வெறும் அழகாக மாறிவிடவில்லை. ஆடு அதனை மாறவிடவில்லை. 1995-இல் அமெரிக்கச் சங்கம் பார்டர் காலி என்னும் ஆட்டுநாய்ச் சாதியைத் தன் அழகுக் காட்சிகளிற் சேர்த்தபோது, அந்நாட்டு ஆட்டுநாய்க்காரர் பலர் அதனை எதிர்த்தனர். சாயலைப் பார்த்து இனம் பெருக்கினால் தொழில் கெடும் என்பது அவர்கள் அச்சம். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் துணிபு.

கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாயையும் நினைவுகூர்தல் தகும். நாஷ்வில் நகரத்து இளைஞரான மாரிஸ் பிராங்க் என்பார் பார்வை இழந்தவர். 1928-இல் அவர் ஸ்விட்ஸர்லாந்து சென்று, டாரதி யூஸ்டிஸ் அம்மையாரிடம் பழகிய 'படி' என்னும் நாயோடு திரும்பி, வண்டிகள் நெருங்கியோடும் நியூயார்க் வீதியொன்றை அந்நாயை மட்டும் நம்பிக் கடந்து காட்டினார். மறு ஆண்டே அத்தகைய நாய்களைப் பழக்கும் பள்ளி அமெரிக்காவில் தோன்றியது. அந்நாய்க்குக் கற்பிக்கப்படும் பாடங்களுள் தலையாயது யாதெனின், கீழ்ப்படியாமை! 'முன்னே செல்' என்று உடையவர் ஏவினும், எதிரே வண்டி வருமாயின் அது நகராது நிற்றல் வேண்டும். கீழ்ப்படிதற் களத்தில் அதற்குச் சுழியம். வீதியில் அதனால் ஓர் உயிர்.

இனி வீட்டிற்கு வருவோம். பல்லாண்டுகட்கு முன் எம் இல்லத்தில் ஒரு நாய் வளர்ந்தது. நல்ல நாய், யாரையுங் கடித்ததில்லை. யாரைக் கண்டாலும் மகிழ்ந்து மார்பளவு எழும்பிப் பாயும். குட்டியாயிருந்தபோது அதனைக் கண்டு நாங்களே கைகொட்டிச் சிரித்தோம். ஒரு மாலை, ஊரிலிருந்து வந்த என் அத்தை படியேறுகையில் அது வழக்கம்போல் வரவேற்கப் பாய்ந்தது. அவர் பின்புறமாக விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் ஊன்றுகோலின்றி அவர் நடந்ததில்லை. நாயை நகர்ப்புறத்துத் தோட்டமொன்றிற் கொண்டுபோய் விட்டோம். அங்கே கிணற்றடியில் அதனைக் கட்டிப்போட்டார்கள். இருமுறை சென்று பார்த்தேன். இருமுறையும் அது முன்போலவே பாய எழுந்து, சங்கிலி இழுக்க, விழுந்தது. மூன்றாமுறை செல்ல எனக்கு மனம் இல்லை. அத்தை மட்டும் அதன்மேற் குறை கூறியதில்லை. "அது வாயில்லாப் பிராணி, தம்பி. பாயாதே என்று நீ என்றைக்காவது சொல்லிக் கொடுத்தாயா?" என்றே கேட்டார்.

சொல்லிக் கொடுக்கவில்லை. மரியாதை பழகாத நாய்க்கு அதன் வீடே நிலையில்லை என்பதை அன்று அறிந்தேன். மேனாடுகளில் நாய்க்காப்பகங்களிற் கொண்டுவந்து விடப்படும் நாய்களுள், கொடியவையல்லாமல் வெறுமனே பழக்கப்படாத காரணத்தால் வீட்டை இழந்தவை மிகப்பல. அவற்றுள் யாவும் மறுபடி ஒரு வீட்டைக் காண்பதில்லை. ஆகவே மரியாதைக்காகப் பழக்குவோரைச் சோம்பர் என்பாரை யான் ஒப்பேன். வீட்டில் மூன்றாமவர் எப்போதும் இருக்கிறார். படியேறும் அத்தையும், தபாற்காரரும், தெருவில் ஓடும் அயல்வீட்டுக் குழந்தையுமே அங்கு ஆடுகள்.

இதனை அமெரிக்கச் சங்கத்தாரும் காலந்தாழ்த்தேனும் உணர்ந்தனர் போலும். 1989-இல் அவர்கள் 'நற்குடி நாய்' என்று பொருள்படும் தேர்வொன்றைத் தொடங்கினர். பகுதிகள் பத்து. அயலார் வந்து உடையவரோடு பேசுகையில் நாய் அமைதியாயிருத்தல், கூட்டத்தினூடே நடத்தல், மற்றொரு நாயைக் கண்டு கலவரப்படாமை, திடீரென எழும் ஓசைக்கு வெருளாமை, உடையவர் மூன்று நிமிடம் மறைந்திருக்கையிற் பொறுத்திருத்தல் முதலியன அவற்றுட் சில. மதிப்பெண் இல்லை, தேறியது, தேறவில்லை என்ற இரண்டே முடிவு. ஆகவே முதலாவது, இரண்டாவது என்பதும் இல்லை. கோணி உட்கார்ந்தாலுங் குற்றமில்லை. யான் வேண்டுவதெல்லாம் ஏறக்குறைய இதிலே உண்டு. ஆனால் 2013-இல் இதனையும் அவர்கள் பட்டமாக்கிவிட்டனர்! ஸி.ஜி.ஸி. என்னும் மூன்றெழுத்துக்கள் இப்போது இந்நாய்களின் பெயருக்குப் பின்னும் வருகின்றன. மனிதர்க்கு எழுத்துக்களின்மேல் உள்ள ஆசை அத்தகையது.

எதிர்க்கட்சியார் சொல்லுவதிலும் உண்மை உண்டு. நாள் குறித்த தேர்வு இல்லையேல், நாளை பழக்குவோம் என்று நாளைக் கடத்துவோமே மிகப்பலர். யானே சான்று. அன்றியும், தன் நாய் நன்கு பழகியது என்று எண்ணாத உடையவர் இல்லை. அவ்வெண்ணத்தைச் சோதிக்க வெளியார் கண் ஒன்று வேண்டும். பழக்கும் முறையிலும் நாம் பந்தயக்காரர்க்குக் கடன்பட்டிருக்கிறோம். ஜெர்மானியரான கொன்ராத் மோஸ்ட் 1910-இல் எழுதிய நூலின் வழியே, சங்கிலியைச் சுண்டி இழுத்து அடக்கும் முறையே நெடுநாள் ஓங்கியிருந்தது. கடற்பன்றிக்குச் சங்கிலி கட்ட முடியாது. செய்ததற்கு உடனே மீன் கொடுத்தே அதனைப் பழக்கவேண்டும். அத்தொழிலிற் பல்லாண்டு பழகிய கேரன் பிரையர் என்னும் அம்மையார் 1984-இல் எழுதிய நூல், அம்முறையை நாய்வளர்ப்போர்க்கும் எடுத்துக்காட்டிற்று. அதனை விரைந்து கைக்கொண்டவருட் பந்தயக்காரர் பலர். ஏனெனில், அஞ்சி நடுங்கி நடக்கும் நாய் களத்தில் ஒளிர்வதில்லை. அவர்களிடமிருந்து அம்முறை வீடுகளுக்கும் வந்தது. இதனால் எத்தனையோ நாய்களின் கழுத்துத் தப்பிற்று என்பதை யான் மறவேன்.

ஆதலின் பட்டம் வேண்டுவோர் பெறட்டும். நாய்க்கும் அந்நேரத்தில் மகிழ்ச்சியே; உடையவரோடு கழிக்கும் எந்நேரமும் அதற்கு மகிழ்ச்சியே. ஆனால், பட்டம் பெற்ற நாயொன்று வீட்டு வாயிலில் வருவோர்மேற் பாயுமாயின், அதன் பெயருக்குப் பின்னுள்ள எழுத்துக்களை யான் படிக்கமாட்டேன்.

இப்பொழுது எம் வீட்டில் இருப்பது ஒரு நாட்டு நாய், சாதியுமில்லை, பதிவேடுமில்லை. படியில் யார் ஏறினாலும் நான்கு காலும் தரையில் ஊன்றியிருக்கவேண்டும் என்னும் ஒரு பாடத்தை அதற்குக் கற்பிக்க எனக்கு நான்கு மாதமும் கணக்கற்ற கருவாட்டுத் துண்டுகளும் ஆயின. பால்காரரைக் கண்டால் இன்னும் முன்கால்கள் சற்றே தரையை விட்டெழுகின்றன. பந்தயத்திற்கு அனுப்பலாமே என்கிறான் என் தமக்கை மகன். பால்காரர் சம்மதித்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.