முதல் அல்பத்துக்கு எந்த மென்பொருள்?

கமரா வாங்கி, இரண்டு மூன்று பிறந்தநாள், ஒரு சாமத்தியவீடு எண்டு படம் எடுத்துப் பழகின ஆட்களுக்கு அடுத்ததாக வாற கேள்வி இதுதான்: அல்பம் செய்ய எந்த மென்பொருள் நல்லது? எங்கள் வட்டத்திலும் இதை அடிக்கடி கேட்கிறார்கள். கிடைக்கிற பதிலும் அநேகமாக ஒண்டுதான். "போட்டோஷொப் போடு, டெம்ப்ளேற் எல்லாம் நான் தாறன்." ஒரு பென்டிரைவில் கிராக் செய்த போட்டோஷொப்பும் ஆயிரக்கணக்கான பி.எஸ்.டி. கோப்புகளும் கைமாறும். அதோடு ஒரு அல்பம் டிசைனர் உருவாகிவிட்டார்!

தொடங்குகிற ஒருவருக்கு இது பிழையான தொடக்கம் எண்டு நாங்கள் நினைக்கிறம். போட்டோஷொப்பைக் குறை சொல்லவில்லை. ஒரு படத்தை நுணுக்கமாகத் திருத்துவதற்கு அதை மிஞ்சின கருவி குறைவு. ஆனால் அல்பம் செய்வது வேறு வேலை. ஆயிரம் படத்தில் நூறைத் தெரிந்து, எது முன்னுக்கு, எது பின்னுக்கு, எது பெரிசு எண்டு அடுக்குகிற வேலை அது. அடுக்கிப் பார்த்து, கலைத்து, திரும்ப அடுக்க வேணும்.

போட்டோஷொப்பில் கலைத்து அடுக்குவது எவ்வளவு பாரம் எண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் அதிகம் கேட்கப்படுவது 12×36 அங்குல விரிப்பு. 300 டி.பி.ஐ.யில் அது 10,800×3,600 பிக்சல். படம் போடாத வெறும் ஒரு லேயரே நூறு எம்.பி.யைத் தாண்டும். இருபது விரிப்பையும் இருபது தனிக் கோப்பாகத் திறந்து, "இந்தப் படத்தை மூன்றாம் பக்கத்தில் இருந்து ஏழுக்கு மாத்துவம்" எண்டால் 8 ஜி.பி. லப்டொப் மூச்சுவாங்கும். அதனால் ஒருவரும் மாத்துவதில்லை. முதலில் விழுந்த இடத்திலேயே படம் கிடக்கும்.

டெம்ப்ளேற்றின் சிக்கல் இதைவிடப் பெரியது. அதில் ஓட்டைகள் ஏற்கெனவே வெட்டியிருக்கும்: நடுவில் சோடியின் பெரிய படம், ஓரத்தில் மூன்று சின்ன வட்டம், பின்னால் மேகமோ ஈபிள் கோபுரமோ. அந்த ஓட்டைகளுக்குப் பொருந்துகிற படங்களை நாங்கள் தேடத் தொடங்குகிறோம். அம்மம்மா நடுங்குகிற கையால் அறுகரிசி போடுகிற படத்துக்கு அங்கே ஓட்டை இல்லை. தாலி கட்டும் நேரம் மணவறைக்குப் பின்னால் நிண்டு கண்ணைத் துடைக்கிற தகப்பனுக்கும் இடமில்லை. கடைசியில் யாழ்ப்பாணத்துக் கலியாணமும் மட்டக்களப்புக் கலியாணமும் ஒரே அல்பமாக வந்து நிற்கும், முகம் மட்டும் வேறு.

இது ரசனைச் சண்டை மட்டும் இல்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2004 சுனாமியிலும், 2009இல் வன்னியிலும் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனையோ. ஒரு தாத்தாவின் முகத்துக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறொண்டும் மிஞ்சாத குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். இண்டைக்கு நாங்கள் செய்கிற அல்பமும் முப்பது வருசத்துக்குப் பிறகு அப்படித்தான் பார்க்கப்படும். அப்போது பிள்ளைகள் மேகத்தையா தேடுவார்கள்? "இது ஆர், பக்கத்தில நிக்கிறது ஆர்" எண்டுதான் கேட்பார்கள்.

ஆகவே மென்பொருளிடம் நாங்கள் கேட்கச் சொல்வது மூன்று கேள்வி.

முதலாவது, படங்களைச் சுலபமாக இடம் மாத்த விடுமா? அல்பத்துக்கெண்டே செய்த ஸ்மார்ட்அல்பம்ஸ், ஃபண்டி டிசைனர் போன்றவை இதில் கெட்டிக்காரர்கள். படங்களை இழுத்துப் போட்டால் அடுக்கு தானாக அமையும், பிடிக்காவிட்டால் ஒரு நொடியில் மாறும். ஆனால் காசு டொலரில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நிண்ட டொலர், மே மாதம் 360 ரூபாவுக்கு வந்ததை நாங்கள் மறக்கவில்லை. மாதம் நாலைந்து கலியாணம் செய்கிறவருக்கு இவை கட்டும். வருசத்துக்கு இரண்டு அல்பம் செய்கிறவருக்குக் கட்டாது. லைட்ரூம் கிளாசிக்குக்கு ஏற்கெனவே காசு கட்டுகிறவர்கள் அதிலுள்ள புத்தகப் பகுதியில் பழகலாம். ஆனால் அதன் அளவுகள் நிர்ணயிக்கப்பட்டவை, 12×36 அங்கே கிடையாது. காசில்லாமல் வேணும் எண்டால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2025 ஒக்டோபரில் இருந்து அஃபினிட்டியும் இலவசம். இரண்டிலும் பல பக்கங்களை ஒரே கோப்பில் வைத்து வேலை செய்யலாம்.

இரண்டாவது, தமிழ் எழுதுமா? கிராக் செய்து கைமாறுகிற பழைய போட்டோஷொப்புகளில் யுனிகோட் தமிழ் உடையும், கொம்பு எழுத்தை விட்டுத் தனியே போய் நிற்கும். அதனால்தான் ஸ்ரூடியோக்கள் இன்னும் பாமினியை விடவில்லை. அந்த எழுத்தை வேறெங்காவது பிரதி செய்து பாருங்கள், ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். எந்த மென்பொருளைப் போட்டாலும் முதல் வேலையாக "ஸ்ரீ கௌரி யோகேஸ்வரி" எண்டு அடித்துப் பாருங்கள். ஒழுங்காக வந்தால் மிச்சத்தைப் படிக்கலாம்.

மூன்றாவது, மென்பொருள் இல்லாமலும் அல்பம் இருக்குமா? சந்தா முடிந்தால் கோப்பு திறக்காது எண்டால், நாளைக்குக் கனடாவில் இருக்கிற தமக்கை இன்னொரு பிரதி கேட்கும்போது கையை விரிக்க வேண்டி வரும். எதில் செய்தாலும் முடிவில் முழு அளவு ஜேபெக்கும் பி.டி.எஃப்.பும் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிற படத்தைப் பிரதியாக நினைக்க வேண்டாம், அது சுருங்கிப் போனது.

"வாடிக்கையாளர் மேகத்தைத்தானே கேட்கினம்" எண்டு சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஒரு இரவில் நாப்பது பக்கம் முடித்துக் குடுக்க வேண்டிய நெருக்கடியும் உண்மை. குறைந்த விலைக்குச் செய்கிற ஸ்ரூடியோக்காரரை நாங்கள் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் வேறு மாதிரி ஒண்டைக் கண்ணால் காணாத ஆள் அதை எப்படிக் கேட்பார்? இரண்டு விரிப்பைச் சும்மா செய்து காட்டுங்கள். ஒண்டு வழமையானது. மற்றது வெள்ளைத் தாளில் நாலு படம், ஓரத்தில் பெயர்கள். எதை எடுப்பது எண்டு வீட்டுக்காரரே சொல்லட்டும்.

எங்கள் முடிவு இதுதான். தொடங்குகிறவர் ஸ்கிரைபஸ் அல்லது அஃபினிட்டியில் தொடங்கலாம். தமிழ்ச் சோதனையில் எது தேறுகிறதோ அதை எடுங்கள். டெம்ப்ளேற் வேண்டாம். ஒரு படம், இரண்டு படம், நாலு படம் எண்டு மூன்று அடுக்கை நீங்களே அமைத்தால் முதல் அல்பத்துக்குப் போதும். வேலை பெருகின பிறகு, இலவச சோதனைக் காலத்தில் ஸ்மார்ட்அல்பம்ஸைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

தொடங்க முன்னம் அச்சடிக்கிற லாப்புக்கு ஒரு கோல் எடுங்கள். அளவு என்ன, வெட்டுக்கு எவ்வளவு விட வேணும், நிறம் எஸ்.ஆர்.ஜி.பி.யா எண்டு கேளுங்கள். இன்னும் இரண்டு விசயம். 6,000×4,000 பிக்சல் படத்தை 36 அங்குலம் முழுக்க விரித்தால் உயரத்தில் பாதி வெட்டுப்படும், மிஞ்சுவதும் 167 டி.பி.ஐ.தான். நடு மடிப்பில் ஆருடைய முகமும் விழக்கூடாது.

கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, அதில் திகதி, இடம், குழுப் படத்தில் நிற்கிறவர்களின் பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அம்மம்மா இருக்கும்போதே கேளுங்கள்.