பதில் தெரியாதவர்களும் வெல்லக்கூடிய விளையாட்டு

கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னால் வருகிற பத்தி என்பதால் இந்த முறை ஒரு நடைமுறைக் கேள்வி. வீட்டில் பன்னிரண்டு பேர் கூடியிருக்கிறார்கள். பாதிப்பேர் எங்கட ஆட்கள். மிச்சப்பேர் பக்கத்து வீட்டாரும், பிள்ளைகளின் பள்ளிக்கூட நண்பர்களின் பெற்றோரும். ரோல்ஸும் வடையும் முடிந்துவிட்டன. இனி என்ன விளையாடுவது?

லூயிஷாமில் இருப்பவர்களுக்கு இது புதிய காட்சி இல்லை. கிளாரண்டன் ரைஸில் சிவன் கோவில், அங்கேயிருந்து நாலு எட்டு நடந்தால் ஜமேக்கா சாப்பாட்டுக் கடை. எங்கள் வரவேற்பறையும் அப்படித்தான். 68 வயது அம்மா, இவருடைய மாமா, பதினைந்து வயது மருமகன், எட்டும் பதினொன்றுமாக எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், பக்கத்து வீட்டு ஜமேக்கா அன்ரி, வேலையிடத்திலிருந்து ஒரு ஜோடி. எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த விஷயம் என்று பார்த்தால் வானிலையும் பஸ் தாமதமும்தான்.

பொது அறிவு விளையாட்டு என்றதும் இந்த நாட்டில் முதலில் கைக்கு வருவது 'டிரிவியல் பர்சூட்'. 1979-இல் மொன்றியலில் இரண்டு பத்திரிகைக்காரர்கள் யோசித்த விளையாட்டு. கெட்டித்தனமானதுதான், ஆனால் அவர்களைப் போல வளர்ந்த ஆட்களுக்கு. அந்தப் பெட்டியின் பிரித்தானியப் பதிப்பைத் திறந்தால் பழைய டிவி நிகழ்ச்சி, பழைய கால்பந்து, பழைய பாட்டு. இரண்டாவது கேள்வி தாண்டுவதற்குள் அம்மா எழும்பி, "நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று குசினிக்குப் போய்விடுவார். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். அந்தத் தேத்தண்ணியை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்துப் பேருக்கு முன்னால் "தெரியாது" என்று சொல்லாமல் தப்புவதற்கு மரியாதையான வழி அது ஒன்றுதான்.

அம்மாவை மட்டும் சொல்வானேன்? இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் அந்தப் பெட்டி அரைவாசிதான் திறக்கும். வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகள் சனிக்கிழமை இரவு டிவியில் எதைப் பார்த்தார்களோ அதை நாங்கள் பார்க்கவில்லை. வாடகைக்கு எடுத்த கசெட்டில் ரஜினி படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டம் இருக்கிறது, நல்ல வேலை இருக்கிறது. ஆனாலும் அந்த மேசையில் இருக்கும்போது 'இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே' என்று யாரோ பார்ப்பதுபோல ஒரு கூச்சம் இன்னும் வரும்.

ஆகவே கலந்த கூட்டத்துக்கு விளையாட்டுத் தேடும்போது நான் கேட்பது ஒன்றுதான். விடை தெரியாத ஆளுக்கு இதில் என்ன வேலை? அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் விளையாட்டு 'விட்ஸ் அண்ட் வேஜர்ஸ்'. டொமினிக் கிராபுஷெட்ஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 2005-இல் வந்தது. கேள்வி எல்லாவற்றுக்கும் விடை ஒரு எண். எல்லாரும் தங்கள் ஊகத்தைச் சின்னப் பலகையில் மறைத்து எழுதி, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். பலகைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவார்கள். பிறகுதான் விளையாட்டே தொடங்குகிறது: எந்த எண் சரி என்று நினைக்கிறீர்களோ அதில் பந்தயம் வைக்கலாம். உங்கள் எண்ணாக இருக்கவேண்டிய அவசியமில்லை. விடையைத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் இருக்கும் எண் வெல்லும். நடுவில் இருக்கும் எண்ணுக்கு ஒன்றுக்கு இரண்டுதான் கிடைக்கும். இரு பக்கமும் ஓரத்துக்குப் போகப் போக மூன்று, நான்கு, ஐந்து. 'எல்லாரும் கூடச் சொல்லிவிட்டோம்' என்று வைத்து வென்றால் ஆறு.

லண்டன் அண்டர்கிரவுண்டில் எத்தனை நிலையங்கள்? எங்கள் மேசையில் விழுந்தவை 40, 120, 180, 260, 400. (லூயிஷாம் பரோவுக்குள் அப்படி ஒரு நிலையம்கூட இல்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லாம் டிஎல்ஆர், ரயில், பஸ் ஆட்கள்.) 260 எழுதியது பக்கத்து வீட்டு அன்ரி. அவருடைய காலஞ்சென்ற கணவர் லண்டன் டிரான்ஸ்போர்ட்டில் வேலை பார்த்தவர். அது எங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். தன்னிடம் இருந்ததை எல்லாம் அள்ளி அந்த எண்ணில் வைத்தது பிள்ளை. விடை 272. பிள்ளைக்கு நிலையங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, அன்ரியைத் தெரியும். அம்மாவும் அங்கேதான் வைத்திருந்தார். மேசையில் யாருக்கு எது தெரியும் என்று கவனிக்கிற ஆள் இதில் வெல்லலாம். அம்மா மாதிரி ஆட்கள் ஆயுள் முழுக்கச் செய்துவருவதும் அதுதான்.

மறைத்து எழுதி ஒன்றாகத் திருப்புவதைப் பற்றித் தொழில் முறையில் ஒரு வார்த்தை. மென்பொருள் வேலையில் ஒரு வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்கிட 'பிளானிங் போக்கர்' என்ற பழக்கம் உண்டு. குழுவில் ஒவ்வொருவரும் ஓர் எண் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புவோம். இல்லாவிட்டால் மூத்தவர் "மூன்று நாள்" என்றவுடன் புதிதாக வந்தவர் மனதில் இருந்த எட்டு நாள், நாலாகச் சுருங்கிவிடும். எங்கள் குடும்பங்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பெரியப்பா ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யார் வேறு எண் சொல்வது? பலகைக்குக் குரல் இல்லை. வயதும் உறவுமுறையும் அந்த அரை நிமிடத்துக்கு வெளியே நிற்கும்.

நடு எண்ணுக்கு ஏன் குறைந்த பரிசு என்பதற்கும் ஒரு கதை உண்டு. மாஸ்டர்ஸ் படிக்கும்போது புள்ளியியல் வகுப்பில் கேட்டது. 1906-இல் பிளிமத்தில் நடந்த கால்நடைக் கண்காட்சியில், ஒரு மாட்டை வெட்டி இறைச்சியாக்கினால் எவ்வளவு எடை வரும் என்று போட்டி. சனம் ஆறு பென்ஸ் கொடுத்துச் சீட்டு எழுதியது. பிரான்சிஸ் கால்ட்டன் அந்தச் சீட்டுகளை வாங்கி, வாசிக்கக்கூடிய 787-ஐயும் வரிசைப்படுத்தினார். நடுவில் விழுந்த எண் 1,207 இறாத்தல். உண்மையான எடை 1,198. ஒரு சதவீதத்துக்குள் வித்தியாசம். நடு எண் பெரும்பாலும் மோசம்போகாது, அதனால்தான் அதற்குப் பரிசு குறைவு. பதினொரு வயதுப் பிள்ளைக்கு நிகழ்தகவைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. பதினைந்து வயது மருமகன் மட்டும் ஒவ்வொரு முறையும் ஆறுக்கு ஆசைப்பட்டுப் போகிறான். அது வயது.

இனிக் கஷ்டமான பகுதி. பந்தயம் என்ற சொல்.

அம்மா முதலில் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டது, "உது சூதெல்லோ?" தருமர் கதை கேட்டு வளர்ந்தவர், திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருப்பது தெரிந்தவர். ஆனால் அம்மாவின் பயம் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர், பெற்றோல் செட்டில் இரவு வேலை முடித்து வீட்டுக்கு வருகிற வழியில் பந்தயக் கடைக்குள் நுழைந்து, சீட்டுக் காசையும் சேர்த்துத் தொலைத்தவர். கலியாண வீடுகளில் அவரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. இந்தக் கதை எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். எங்கள் பரோவுக்குள் இருக்கும் டெப்ட்ஃபர்ட் ஹை ஸ்ட்ரீட்டில் பந்தயக் கடைகள் நெருக்கிக்கொண்டு பெருகியதை எதிர்த்து உள்ளூர்ச் சனம் பல காலம் சத்தம் போட்டது. இங்கிலாந்தில் 2015-இலிருந்துதான் புதிய பந்தயக் கடைக்குத் தனியாகத் திட்ட அனுமதி தேவை என்று ஆனது. அந்தக் கடைகளிலுள்ள இயந்திரங்களில் ஒரு தரத்துக்கு 100 பவுண் வரை வைக்கலாம் என்றிருந்ததை 2 பவுணாகக் குறைத்தது 2019 ஏப்ரலில். எத்தனையோ வீடுகளுக்கு அது பிந்திப்போன உதவி.

அதனால் எங்கள் வீட்டில் சில கட்டுப்பாடுகள். காசு கிடையாது, பத்துப் பென்ஸ்கூட இல்லை. புள்ளிகளை ஐபாட் நேரமாகவோ சொக்லேட்டாகவோ மாற்றுவதும் இல்லை, ஏனென்றால் பிள்ளைக்கு அதுதான் காசு. விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் ஒரு நல்ல விதி இருக்கிறது: ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் இரண்டு அடிப்படைக் காய்கள் ஒருபோதும் பறிபோகாது. எவ்வளவு தோற்றாலும் அடுத்த கேள்வியில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு. உண்மையான சூதில் இல்லாதது இதுதான் என்று பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். வேறு காய் வேண்டுமென்றால் புளியங்கொட்டை நல்லது. கச்சான் வேண்டாம். எங்கள் வீட்டில் மாமா வங்கியைச் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

சமயக் காரணத்தால் பந்தயமே வேண்டாம் என்பவர்கள் இருந்தால், முஸ்லிம் நண்பர்களோ சில கிறிஸ்தவக் குடும்பங்களோ, அதே விளையாட்டின் குடும்பப் பதிப்பு இருக்கிறது. அதில் சில்லுகள் இல்லை. ஆளுக்கு ஒரு பெரிய மர பொம்மை, ஒரு சின்ன மர பொம்மை. நம்புகிற எண்ணில் நிறுத்தினால் சரி. எட்டு வயதுக்கு இதுவே போதும். முதலில் வாங்குவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். கூட்டத்தில் சூதால் அடிபட்ட ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் சில்லுப் பெட்டியை மேலே ஏற்றிவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. உதவி தேவைப்படுகிற நிலையில் ஒருவர் இருந்தால் கேம்கேர் அமைப்பின் தொலைபேசி உதவி இலவசம், இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும்.

குறை என்னவென்றால், பெட்டிக்குள் இருப்பது அமெரிக்கா. அடி, டொலர், ஜனாதிபதிகள். இங்கே பிரித்தானியாவில் உருவான 'கான்ஃபிடன்ட்?' என்ற விளையாட்டில் கேள்விகள் எங்களுக்குக் கொஞ்சம் அண்மை. அதில் ஓர் எண்ணுக்குப் பதிலாக 'இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில்' என்று எழுத வேண்டும். விடையை உள்ளடக்கிய மிகச் சின்ன இடைவெளி வெல்லும். ஒன்றும் தெரியாதவர் அகலமாக எழுதித் தப்பலாம். ஆனால் மற்றவரின் அறிவில் நம்பிக்கை வைக்கிற அந்தச் சுவை அதில் குறைவு.

நாங்கள் கண்ட வழி, கேள்விகளை நாங்களே எழுதுவது. வெற்றுச் சீட்டு ஐம்பது, ஒரு பழைய பிஸ்கட் டின். தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் மறுபக்கம், வாசிப்பவர் இரண்டையும் சொல்ல வேண்டும். விடை பத்துக்குக் கீழே இருக்கக்கூடாது, ஊகங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு உடம்பு, மிருகம், சமையல் என்று யாருக்கும் பொதுவானவை. ஒரு பங்கு லூயிஷாம். மிச்சம் வீட்டாரே எழுதுகிற தங்கள் கதைகள். அம்மா எழுதிய முதல் சீட்டு: '1986-இல் நாங்கள் லண்டன் வந்து இருந்த முதல் வீட்டில் எத்தனை பேர் படுத்தோம்?' பிள்ளைகள் 4, 6 என்று எழுதினார்கள். மாமா 14. விடை 11, இரண்டு அறையில், இரவு வேலைக்காரர் எழும்பின கட்டிலில் பகல் வேலைக்காரர். பக்கத்து வீட்டு அன்ரி சிரித்துவிட்டு, தன் தகப்பனுடைய பிரிக்ஸ்டன் அறையும் அப்படித்தான் என்றார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒருவரும் சீட்டு எடுக்கவில்லை. அம்மா குசினிக்கும் போகவில்லை.

ஒரு சீட்டைப் பற்றி மட்டும் இவரும் நானும் வாதாடினோம். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எத்தனை புத்தகங்கள் போயின? ஏறத்தாழ 97,000 என்பார்கள். பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய எண் என்பது இவருடைய வாதம், அதில் பிழையில்லை. ஆனால் யாரோ அந்த எண்ணில் சரியாக வைத்துவிட்டுக் கை தட்டுவதை அம்மாவுக்கு முன்னால் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதை டின்னுக்குள் போகவில்லை, படுக்கும் நேரத்துக் கதையாக வேறாக வைத்திருக்கிறோம். அதற்குப் பதில் யாழ்தேவி முதன்முதல் ஓடிய ஆண்டைப் போட்டோம்.

இந்த மாதம் உங்கள் டின்னுக்கு ஐந்து கேள்விகள் தருகிறேன். யாழ்தேவி ஓடத் தொடங்கியது எந்த ஆண்டு? 304 அடிக்கும்போது ஒரு பூவில் மொத்தம் எத்தனை புள்ளி? வளர்ந்த மனிதரின் உடம்பில் எத்தனை எலும்பு? முரளிதரன் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள்? அளவுக்கு மீறி ஊதிப்போய் நிற்கும் வால்ரஸைப் பார்க்கப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போகும் ஃபாரஸ்ட் ஹில் ஹோர்னிமன் மியூசியம் திறந்த ஆண்டு?

விடைகள்: 1956, 76, நாலு பூவுக்கும் சேர்த்தால் 304, பெயர் வந்த வழி அதுதான், 206, பிறந்த குழந்தைக்கு முன்னூறு வரை, 800, 1901. வால்ரஸ் ஊதியதற்குக் காரணம், அதற்குத் தோலில் மடிப்பு இருக்கும் என்பது பஞ்சடைத்தவர்களுக்குத் தெரியாமல் போனது.