கணினிக் கட்டளைகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

(கே.ஜி.கண்டிகை கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

கூட்டுறவுச் சங்கத்தின் செல்வம் அதன் பங்குத் தொகை மட்டுமன்று. அதன் கணக்கு ஒழுங்கும் செல்வமே. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தபோது, சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் நமக்கு அண்மையில், திருவள்ளூரை அடுத்த திரூரில் தோன்றிற்று. அன்று முதல் நம் இயக்கம் ஒரு நெறியை விடாது போற்றி வந்திருக்கிறது. எழுத்தர் மாறலாம், செயலாளர் மாறலாம், நிர்வாகக் குழுவே மாறலாம். நாளேட்டையும் பேரேட்டையும் தீர்மானப் புத்தகத்தையும் புதிதாக வருபவர் எடுத்துப் புரட்டினால் சங்கத்தின் நடப்பு முழுதும் விளங்க வேண்டும் என்பதே அந்நெறி.

கணினி வந்த பின்னர் இந்நெறி ஓரிடத்தில் தளர்ந்துவிட்டது. கணக்குகள் கணினியில் உள்ளன. ஆனால் அக்கணக்குகளை நடத்தும் கட்டளைகள் எங்கே உள்ளன, எது எதற்கானது என்பதைக் கூறும் பதிவேடு பல இடங்களில் இல்லை. பழைய டாஸ் கணினிகளை இன்னும் வைத்திருக்கும் சங்கங்களில் இக்குறை மிகுதியும் தென்படுகிறது. அதனைப் பற்றியே ஈண்டு எழுதுகிறேன்.

டாஸ் என்பது 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறு கணினியோடு வெளிவந்த இயக்க முறைமை. படமும் சுட்டியும் அதில் இல்லை. கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யவேண்டும். நாள்தோறும் பத்துக் கட்டளைகளைத் தட்டுவது தொல்லை என்பதனால், அவற்றை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்து, அக்கோப்பின் பெயரை மட்டும் தட்டினால் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்குமாறு செய்தனர். அதுவே பேட்ச் கோப்பு. அதன் பெயரின் ஈற்றில் ‘பாட்’ என்னும் மூன்றெழுத்து அடையாளம் நிற்கும்.

நெசவாளருக்கு இது புதிய செய்தியன்று. 1804-இல் பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு அமைத்த பொறியில் துளையிட்ட அட்டைகள் நூலால் கோக்கப்பட்டுள்ளன. ஓர் அட்டை ஓர் ஊடையை ஆளும். அட்டைகள் வரிசை பிறழ்ந்தால் பேட்டில் மயிலுக்குப் பதிலாக வேறேதோ விழும். பேட்ச் கோப்பும் அத்தகைய அட்டைக் கோவையே. ஒரு கோவை எந்தச் சேலைக்குரியது என்று சீட்டு எழுதிக் கட்டாமல் பரணில் எறியும் நெசவாளர் உண்டோ? கணினியில் மட்டும் அவ்வாறு எறிந்து வைத்திருக்கிறோம்.

இவ்வட்டாரத்தைச் சேராத சங்கம் ஒன்றில் நான் கண்டதைக் கூறுகிறேன். முதுமையால் தறியை விட்ட உறுப்பினர் ஒருவர், தம் சேமிப்பு நிதியின் ஆண்டுவாரி நிலுவையைக் கேட்டு விண்ணப்பித்திருந்தார். கணக்கு கணினியில் இருந்தது. அதனை அச்சிட்டுத் தரும் பேட்ச் கோப்பும் இருந்தது. ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள் ‘புது’, ‘புது2’, ‘கடைசி’, ‘எக்ஸ்’ என்னும் பெயர்களோடு நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை எழுதிய எழுத்தர் ஓய்வு பெற்று வேற்றூர் சென்றுவிட்டார். எதைத் தட்டினால் எது நிகழும் என்ற அச்சத்தால் எவரும் எதையும் தொடவில்லை. முப்பது ஆண்டு உழைப்பின் கணக்கைப் பெற அம்முதியவர் பல வாரம் நடந்தார். பணம் களவு போகவில்லை, கணக்கும் அழியவில்லை. எனினும் உறுப்பினரைப் பொறுத்தவரை அவர் கைக்கு எட்டாத கணக்கு இல்லாத கணக்கே.

அச்சம் காரணமற்றதன்று. டாஸ் முறைமையில் மூன்று இடர்கள் உள.

முதலாவது, பெயரால் வருவது. ஒரு பெயரைத் தட்டியதும் டாஸ் முதலில் தன் உள்ளமைந்த கட்டளைகளை நோக்கும். பின்னர் நாம் அப்போது நிற்கும் அடைவிலும், அதன்பின் ‘பாத்’ என்னும் வழிப்பட்டியலில் கண்ட அடைவுகளிலும் தேடும். (அடைவு என்பது அலமாரியின் ஓர் அறை போன்றது.) முதலில் அகப்படுவதையே நடத்தும். ஒரே பெயரில் பழைய பிரதி ஓர் அறையிலும் புதிய பிரதி மற்றோர் அறையிலும் இருந்தால், நாம் எங்கு நின்று தட்டினோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். நகலெடுக்கும் கோப்பின் பழைய பிரதி சென்ற ஆண்டின் அடைவை மட்டும் நகலெடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுத்தாயிற்று என்ற நிம்மதி இருக்கும். இவ்வாண்டுக் கணக்குக்கு நகல் இராது.

இரண்டாவது, அழைப்பால் வருவது. ஒரு பேட்ச் கோப்பு மற்றொன்றை ஏவும்போது ‘கால்’ என்னும் சொல்லை முன்னே இடாவிடில், ஏவப்பட்டது முடிந்ததும் கட்டுப்பாடு திரும்பி வராது. எஞ்சிய வரிகள் நடவாமலே நின்றுவிடும். இச்சொல் 1987-இல் வந்த 3.3 பதிப்பிலேதான் டாஸில் சேர்ந்தது. மாத முடிவில் வட்டி கட்டி, அதன்பின் நகலெடுக்க வேண்டிய கோப்பில் அச்சொல் விடுபட்டால், வட்டி ஏறும், நகல் எடுபடாது, பிழைச்செய்தி ஒன்றும் தோன்றாது.

மூன்றாவது, எட்டெழுத்துக் கட்டுப்பாடு. டாஸ் கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளை மீறலாகாது. ‘பயிர்க்கடன் தவணை தவறியோர் பட்டியல்’ என்பதை எட்டு ஆங்கில எழுத்தில் அடக்கினால், அடக்கியவர்க்கன்றிப் பிறர்க்கு விளங்குவது அரிது.

இவ்விடர்களைக் குறைக்கத் தக்க கருவி அக்காலத்திலேயே கிடைத்தது. நாம் தட்டும் கட்டளையை வாங்கி நடத்தும் நிரலை ஷெல் என்பர். டாஸோடு வருவது ‘கமாண்ட்’ என்னும் ஷெல். அதற்கு மாற்றாக 1989-இல் ரெக்ஸ் கான் என்பார் ஆக்கிய ஷெல் ‘ஃபோர்டாஸ்’ எனப்படும். நார்ட்டன் கருவித் தொகுப்பிலும் இது ‘என்டாஸ்’ என்ற பெயரில் இடம்பெற்றது. முன்னர் விலைக்கு விற்ற இது பின்னாளில் விலையின்றியே வழங்கப்பட்டது.

இதன் தலைசிறந்த பயன், ஒவ்வொரு கோப்புக்கும் விளக்கக் குறிப்பு எழுதி ஒட்டலாம் என்பதே. ‘டிஸ்கிரைப்’ என்று தட்டி, கோப்பின் பெயரைக் கூறி, “மாத முடிவு: நெசவுக் கூலிப் பட்டியல் அச்சிடும்” என்னும் பொருள்பட ஆங்கில எழுத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், அடைவின் பட்டியலைக் காணும்போதெல்லாம் அவ்வரி கோப்பின் அருகே தோன்றும். தொடக்கப் பதிப்புகளில் அவ்வரிக்கு நாற்பது எழுத்து வரை இடமிருந்தது. அட்டைக் கோவைக்குச் சீட்டுக் கட்டுவதும் இதுவும் ஒன்றே.

ஆயினும் கருவியின் குறையையும் கூறவேண்டும். இக்குறிப்புகள் கோப்பினுள்ளே இல்லை. ஒவ்வோர் அடைவிலும் மறைந்து நிற்கும் தனிக் கோப்பொன்றில் உள்ளன. ஃபோர்டாஸ் வழியாகக் கோப்பை நகலெடுத்தால் குறிப்பும் உடன் செல்லும். வேறு நிரலால் நகலெடுத்தால் குறிப்பு பின்தங்கிவிடும். மேலும், ‘பி.டி.எம்.’ என்ற தனி வகைப் பேட்ச் கோப்பையும் இது ஏற்கும். கமாண்ட் ஒவ்வொரு வரிக்கும் வட்டைத் திறந்து மூடிப் படிக்க, இது கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி விரைவாக நடத்தும். ஆனால் ஃபோர்டாஸ் இல்லாத கணினியில் அவ்வகைக் கோப்பு ஓடாது. ஆதலின் சங்கங்கள் ‘பாட்’ கோப்புகளையே வைத்துக்கொண்டு, இக்கருவியை ஒழுங்குபடுத்தவும் சீட்டு எழுதவும் மட்டும் கொள்வது நன்று. கருவி மறைந்தாலும் காரியம் நிற்கலாகாது.

இனி, செய்யத்தக்கவற்றை வரிசைப்படுத்துகிறேன். முதற்கண் பழைய கணினியின் வன்தட்டு முழுவதையும் நகலெடுத்து, மூலத்தைத் தொடாது நகலிலேயே பணியைத் தொடங்குக. பேட்ச் கோப்புகள் யாவற்றையும் ஓரடைவில் சேர்த்து, அவ்வடைவை வழிப்பட்டியலில் இடுக. ஒரு பெயருக்கு ஒரு கோப்பே இருக்கட்டும். பழையன என்று தோன்றுபவற்றை அழியாது ‘பழையவை’ என்னும் தனியடைவுக்கு மாற்றி, அதனை வழிப்பட்டியலில் சேர்க்காது விடுக. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ‘ரெம்’ என்ற சொல்லோடு தொடங்கும் வரிகளில் நோக்கம், எழுதியவர், திருத்திய நாள் ஆகியவற்றைக் குறிக்க. அவ்வரிகளைக் கணினி நடத்தாது, மனிதரே படிப்பர். இறுதியாக, விளக்கக் குறிப்புகளோடு கூடிய பட்டியலைத் தாளில் அச்சிட்டு, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டுப் பதிவேட்டில் ஒட்டுக. கணினி கெட்டாலும் தாள் நிற்கும்.

“டாஸ் செத்த முறைமை, செத்ததற்கு ஏன் இத்தனைச் சடங்கு?” என்று சிலர் வினவலாம். தனித்து விற்ற கடைசி எம்.எஸ்.டாஸ் ஆகிய 6.22 பதிப்பு 1994-இல் வந்தது உண்மையே. ஆனால் ஃபாக்ஸ்புரோ போன்ற நிரல்களால் அந்நாளில் எழுதிய கணக்கு அதனோடு சாகவில்லை, உறுப்பினர் உயிரோடிருக்கின்றனர். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனை அடுத்த விண்டோஸ் 11, 64 பிட் வகையில் மட்டுமே உள்ளதால், பழைய 16 பிட் டாஸ் நிரல்களை நேரே ஓட்டாது. எனவே காலம் சுருங்கி வருகிறது. வழி அடைபட்டுவிடவும் இல்லை. 1994-இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. அதன்மீது ஃபோர்டாஸும் இயங்கும்.

“புதிய மென்பொருள் வந்துவிட்டதே” என்பாரும் உளர். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐ 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-இல் ஒப்புதல் அளித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் புதிய பாத்திரத்தில் ஊற்றுமுன் பழைய பாத்திரத்தில் இருப்பது பாலா, மோரா என்று அறியவேண்டாவா? எந்தக் கோப்பு எந்தக் கணக்கைத் தருகிறது என்று தெரியாதவர் நிலுவைகளைப் பிழையின்றி மாற்றித்தர இயலாது. அன்றியும் அத்திட்டம் வேளாண் கடன் சங்கங்களுக்குரியது. நெசவாளர் சங்கங்கள் தம் பழங்கணக்கைத் தாமே காத்துக்கொள்ளவேண்டும்.

இது எழுத்தரின் வேலை, நமக்கு என்ன என்று உறுப்பினர்கள் வாளா இருத்தல் தகாது. ஒருவர் மட்டுமே அறிந்த கணக்கு கூட்டுறவுக் கணக்கன்று. அவர் நல்லவராகவே இருக்கலாம். நன்மையும் ஓய்வு பெறும் வயதை அடையும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைத் தறிகாரராயினும், திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டியனுப்பும் உழவராயினும், அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் கணினியில் எத்தனைக் கட்டளைக் கோப்புகள் உள்ளன? செயலாளரைத் தவிர அவற்றை அறிந்தவர் யார்? எடுத்துவைத்த நகலிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தது எந்நாள்?

மூன்றுக்கும் விடை கிடைத்தால் நன்று. கிடையாவிடில், கட்டளைக் கோப்புப் பதிவேடு ஒன்றைத் திறக்கவேண்டும் என்று அக்கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டு வாருங்கள்.